ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் விண்டோஸை மட்டும் திட்டாதீர்கள்: கேள்வி பதில்

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ஹேங் ஆகிறது, ப்ளூ ஸ்க்ரீன் வருகிறது. கோளாறு விண்டோஸிலா, லினக்ஸிலா, இல்லை கேபினெட்டுக்குள் இருக்கிற ஏதாவது பாகத்திலா? இன்றைக்கு இதுதான் விஷயம். சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பிரிண்டர், வைஃபை, மொபைல் கேள்விகள் வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று. எதைக் கழற்றினாலும், எந்த செட்டிங்கை மாற்றினாலும், முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரின் மீட்பு எண் 48 இலக்கத்தையும் ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே மதர்போர்டில் ஓடுகிற செட்டிங் புரோகிராம்) கை வைத்த பிறகு சிஸ்டம் அந்த எண்ணைக் கேட்டு நின்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு யாரும் செய்ய முடியாது.

ஈரோடு, கணக்கர்: சார், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாரம் இரண்டு மூன்று தடவை ப்ளூ ஸ்க்ரீன். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்கிறது, ஒரு நாள் ஐஆர்க்யூஎல், இன்னொரு நாள் பேஜ் ஃபால்ட். கடையில் இரண்டு முறை ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை அடிக்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வருகிறது என்றால் முதல் சந்தேகம் ஹார்டுவேர் மேல், அதிலும் ரேம் மேல். டிரைவரிலோ விண்டோஸிலோ கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழும். குறிப்பிட்ட பிரிண்டரைத் திறந்தால் விழும், குறிப்பிட்ட அப்டேட் போட்ட நாளிலிருந்து விழும். ரேமில் ஒரு மூலை கெட்டிருந்தால் அந்த மூலையில் அந்த நேரம் என்ன இருக்கிறதோ அதுதான் பலி. இன்று டிரைவர், நாளை பிரவுசர், மறுநாள் உங்கள் கணக்கு ஃபைல்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கவலை. ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் ரீஸ்டார்ட் போட்டுக்கொள்ளலாம். கெட்ட ரேம் வழியாகப் போய் டிஸ்க்கில் எழுதப்பட்ட ஃபைல் சத்தம் போடாமல் கெட்டுக் கிடக்கும். நீங்கள் எடுக்கிற பேக்கப்பிலும் அதுவே போய் உட்காரும். ஃபார்மட் அடிப்பதிலும் இதே வம்பு: விண்டோஸ் ஃபைல்கள் எல்லாம் அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன, புதிதாகப் போட்ட விண்டோஸே பழுதோடு பிறக்கலாம்.

செய்ய வேண்டியது இது. முதலில் பயாஸுக்குள் போய், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டு என்றால் எக்ஸ்போ அல்லது டிஓசிபி என்று ஏதாவது போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ரேம் பெட்டியில் வேகம் 3600 என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். டிடிஆர்4 வகை ரேமுக்குப் பொதுத் தரம் 3200-லேயே நின்றுவிடுகிறது, அதுவும் 1.2 வோல்ட்டில். அதற்கு மேல் 1.35 வோல்ட் கொடுத்து ஓட்டுவதெல்லாம் ஓவர்கிளாக்தான், பெட்டியில் அச்சடித்தவர் ரேம் கம்பெனிக்காரராகவே இருந்தாலும். அதை அணைத்ததும் கிராஷ் நின்றுவிட்டால் பைசா செலவில்லாமல் வேலை முடிந்தது.

நிற்கவில்லையா? பென் டிரைவில் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக் கெட்டது என்று சொன்னால் நம்பலாம், நல்லது என்று சொன்னால் நம்ப வேண்டாம். மெம்டெஸ்டில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்று விடக் கூடாது, சரியான எண்ணிக்கை பூஜ்யம்.

பிழை வந்ததும் ரேமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்துச் சோதியுங்கள். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். ஒரு ஸ்டிக் மட்டும் எங்கே போட்டாலும் பிழை தந்தால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட், அல்லது பிராசஸருக்கு அடியில் வளைந்த பின். தனித்தனியாக எல்லாம் பாஸ், சேர்த்துப் போட்டால் மட்டும் ஃபெயில் என்றால் இரண்டும் ஜோடி சேரவில்லை, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ரேம் சரியான பிறகு கடைசியாக ஒரு தடவை ஃபார்மட் அடித்துக்கொள்ளலாம். அப்போதுதான் அதற்கு அர்த்தம்.

கோவை: ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பாக இருக்கிறது. அதற்கு என்ன டிரைவர் போட வேண்டும்?

அது காரணம் எழுதாத இறப்புச் சான்றிதழ். "போன தடவை முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை" என்று மட்டும், அடுத்த முறை பூட் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கிறது. கரண்ட் போனாலும் 41, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் 41, எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கிற பவர் சப்ளை) செத்தாலும் 41.

அதற்குள் ஒரு பயனுள்ள தகவல் உண்டு. டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்து பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் விண்டோஸுக்குப் ப்ளூ ஸ்க்ரீன் போடவே நேரம் கிடைக்கவில்லை, மின்சாரமோ ரீசெட்டோ திடீரென்று வெட்டியிருக்கிறது. அப்போது எஸ்எம்பிஎஸ், சூடு, பவர் பட்டன் ஒயர், பிளக் பாயின்ட் என்று தேடுங்கள். பூஜ்யம் இல்லாவிட்டால் அது ப்ளூ ஸ்க்ரீன் எண்தான். ஆனால் இங்கே தசம முறையில் இருக்கும்: 292 என்றால் ப்ளூ ஸ்க்ரீனில் பதினாறடிமானத்தில் வரும் 124, 122 என்றால் 7ஏ, 26 என்றால் 1ஏ. 124 என்பது ஹார்டுவேரே கையைத் தூக்கிக் "கோளாறு" என்று சொன்னது. அதை டிரைவர் போட்டுச் சரிசெய்ய முயல்வது பெரும்பாலும் வீண்.

பெங்களூரு, மென்பொருள் வேலை: உபுண்டு. பெரிய ப்ராஜெக்டை கம்பைல் செய்யும்போது ஜிசிசி கம்பைலர் "இன்டர்னல் கம்பைலர் எரர்" என்று விழுகிறது. மறுபடி மேக் கமாண்ட் கொடுத்தால் அந்த ஃபைலைத் தாண்டிப் போய் வேறு ஃபைலில் விழுகிறது. ஜிசிசி பக் ரிப்போர்ட் போடலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

போடாதீர்கள். கம்பைலரில் (புரோகிராம் வரிகளை இயந்திர மொழிக்கு மாற்றுகிற மென்பொருள்) பக் இருந்தால் அதே ஃபைலில், அதே வரியில், எத்தனை முறை கொடுத்தாலும் விழும். இடம் மாறி மாறி விழுந்தால் அது இயந்திரம். 1990-களிலிருந்தே லினக்ஸ்காரர்களுக்கு இது தெரியும். லினக்ஸின் மையமான கெர்னலை கம்பைல் செய்யும்போது "சிக்னல் 11" வந்தால் ரேமைப் பார் என்பது அந்தக் காலத்துப் பாலபாடம். கம்பைலர் ரேம் முழுக்கச் சுட்டிகளாக (தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிகள்) நிரப்பி வைத்துக்கொண்டு ஓடுகிற புரோகிராம். படம் பார்க்கும்போது ஒரு பிட் புரண்டால் திரையில் ஒரு புள்ளி நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. சுட்டியில் ஒரு பிட் புரண்டால் அடுத்த நொடி காலி.

இது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸுக்கே நடந்தது. 2022 அக்டோபரில், கெர்னல் 6.1-க்கான மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த வாரத்தில், அவருடைய சொந்த ஒர்க்ஸ்டேஷனில் கம்பைலர் பிழைகள் வர ஆரம்பித்தன. புது கெர்னலில் ஏதோ பக் என்றுதான் முதலில் தேடினார். பழைய கெர்னலில் பூட் செய்து பார்த்தார், அதிலும் அதே கதை. இரவு மெம்டெஸ்ட் ஓட்டியபோது ஒரு ரேம் ஸ்டிக் கெட்டிருந்தது தெரிந்தது. இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய ஸ்டிக். புது ரேம் வரும்வரை லேப்டாப்பில் வேலை பார்த்தார். இதில் வேடிக்கை, அதற்கு முந்தைய ஆண்டுதான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஈசிசி ரேம் (பிட் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற வகை) கிடைக்காமல் போனதற்கு இன்டெல்தான் காரணம் என்று அவர் காரசாரமாக எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர் மெஷினிலும் ஈசிசி இல்லை.

உங்களுக்கு வேலை இரண்டு. கிராஷ் ஆகி மறுபடி பூட் ஆனதும் லினக்ஸின் பதிவுகளைக் காட்டுகிற ஜர்னல்சிடிஎல்லில் முந்தைய பூட்டின் பதிவைத் திறந்து "மெஷின் செக்" அல்லது "எம்சிஇ" என்று தேடுங்கள். கிடைத்தால் பிராசஸர் தானே புகார் கொடுத்திருக்கிறது. கிடைக்காவிட்டாலும் ரேம் நல்லது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் ஈசிசி இல்லாத ரேம் தன் தவறைச் சொல்லவே சொல்லாது. அப்புறம் ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன மெம்டெஸ்ட் வரிசையைச் செய்யுங்கள். மெம்டெஸ்ட் பாஸ் ஆகியும் கம்பைல் விழுந்தால் பிராசஸர், சூடு, எஸ்எம்பிஎஸ் என்று நகருங்கள். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசஸர் என்றால் தனிக் கவனம்: 2017-இல் லினக்ஸில் பல ஃபைல்களை ஒன்றாகக் கம்பைல் செய்யும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் வரும் சிக்கலை ஏஎம்டியே ஒப்புக்கொண்டு பிராசஸரை மாற்றிக் கொடுத்தது.

திருச்சி: அண்ணா, ரேமைக் கழற்றி ரப்பரால் நன்றாகத் தேய்த்துப் போட்டால் போதும் என்று எங்கள் ஊர் சர்வீஸ்காரர் சொல்கிறார். சரியா?

கழற்றிப் போடுவது சரி, தேய்ப்பது வேண்டாம். ரேமின் அடியில் இருக்கிற அந்தப் பட்டைகளுக்கு மேல் தங்க முலாம். தங்கம் துருப்பிடிக்காது. அதன் மேல் இருப்பது தூசி, கை எண்ணெய். ரப்பர் அதையும் எடுக்கும், கூடவே முலாமையும் சுரண்டும். முலாம் போய் அடியில் இருக்கிற நிக்கல், செம்பு வெளியே வந்தால்தான் உண்மையான துரு ஆரம்பம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து உட்காருவது இலவச இணைப்பு. பஞ்சு இழையாத துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேளுங்கள்.

கரூர்: கெர்னல் பவர் 41 வருகிறது சார், தினமும்.

மேலே கோவைக்குச் சொல்லியிருக்கிறேன். பக்செக் கோடு என்ன எண் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சென்னை, கடை வைத்திருப்பவர்: ரப்பர் வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். டிஸ்ப்ளே வராமல் பீப் அடிக்கிற சிஸ்டம் பத்து வந்தால் எட்டு ரப்பரில் சரியாகிறது. புத்தகத்தில் படித்ததை வைத்து அனுபவத்தைத் தள்ளாதீர்கள்.

எட்டு சரியாவதை நானும் நம்புகிறேன். ரப்பரால் சரியானது என்பதைத்தான் நம்பவில்லை. தேய்ப்பதற்கு ரேமைக் கழற்றுகிறீர்கள், தேய்த்தபின் அழுத்திச் செருகுகிறீர்கள். அந்தக் கழற்றிச் செருகும் உரசலிலேயே ஸ்லாட்டின் ஸ்பிரிங் பட்டை புது இடத்தில் நன்றாகப் பதிந்துவிடுகிறது. அடுத்த பத்து சிஸ்டம் வரும்போது ஐந்தை ரப்பர் தொடாமல் வெறுமனே கழற்றி, ஸ்லாட்டை ப்ளோயரால் ஊதி, செருகிப் பாருங்கள். எத்தனை சரியாகிறது என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

மதுரை: கேம் ஆரம்பித்தவுடன் அப்படியே ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகிறது. ப்ளூ ஸ்க்ரீனே இல்லை. ஆபீஸ் வேலை செய்தால் நாள் முழுக்க ஒன்றுமில்லை. கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ் கார்டு பிறகு வாங்கிப் போட்டது.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் இருக்கும். கீழே கட்டத்தில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 தடவை 18, மொத்தம் 216 வாட்தான் உங்கள் பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து. மிச்சமெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று யாரும் கேட்காத இடத்தில் கிடக்கிறது. கார்டு திடீரென்று இழுக்கும்போது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது.

மல்டிமீட்டர் வைத்து 11.4-இலிருந்து 12.6 வரை இருந்தால் நல்லது என்பார்கள், கணக்கு சரிதான். ஆனால் மில்லி செகண்டில் விழுந்து எழும் சரிவு மீட்டரில் தெரியாது. நண்பர் வீட்டு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை. மாடுலர் வகை என்றால் கேபிள்களோடு சேர்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினால் பின் வரிசை மாறி டிஸ்க் எரிந்துபோகும்.

தூத்துக்குடி: ரப்பர் விவகாரத்தில் நானும் ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் தங்கம் துருப்பிடிக்காது என்கிறீர்கள். எங்கள் ஊரில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஆபீஸ்களில் ரேம் பட்டையில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அது என்ன?

நல்ல கேள்வி. முலாம் மிக மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். விலை குறைந்த ரேமில் இன்னும் அதிகம். உப்புக் காற்றும் ஈரமும் அந்தத் துளை வழியாக இறங்கி அடியிலிருக்கிற நிக்கலையும் செம்பையும் தின்னும். அந்த உப்பு மேலே பொங்கி வந்து படிவதுதான் நீங்கள் பார்க்கிற பச்சை. அந்த நிலையில் ரப்பர் போட்டால் பளபளப்பாகும், சிஸ்டமும் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் முலாமும் கூடவே போவதால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பச்சை வரும். அவசரத்துக்கு டேட்டா எடுக்க வேண்டும் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அதையே பழுது நீக்கியதாகச் சொல்லிப் பணம் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சென்னை, அதே கடைக்காரர்: அப்படியானால் வாடிக்கையாளர் ரேம் விலையைக் கேட்டு ஓடிவிடுவார். நூறு ரூபாய்க்கு முடிகிற வேலையை ஆயிரக்கணக்கில் இழுக்கச் சொல்கிறீர்கள்.

நூறு ரூபாய் வாங்குங்கள், தப்பில்லை. அதோடு ஒரு சுற்று மெம்டெஸ்ட் ஓட்டி, பிழை பூஜ்யம் என்ற திரையை வாடிக்கையாளருக்குக் காட்டி அனுப்புங்கள். டிஸ்ப்ளே வந்துவிட்டது என்பதும் ரேம் நல்லது என்பதும் ஒன்றல்ல. அரைகுறையாகத் தொடுகிற பட்டை பீப் அடிக்கிற வரை நல்லது, பூட் ஆகி நடுவில் தவறவிடுகிறபோதுதான் ஈரோட்டுக்காரர் கதை. வாசகர்களும் இதைக் கேளுங்கள்: ரப்பர் போட்டுக் கொடுத்தால் மெம்டெஸ்ட் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் பஞ்சாயத்து இத்துடன் போதும்.

சேலம்: 14-ஆம் தலைமுறை ஐ9. புது கேம்கள் ஏறும்போது "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்கிறது. கார்டில் 16 ஜிபி இருக்கிறது! கார்டை மாற்றச் சொல்கிறார்கள்.

கார்டைத் தொடாதீர்கள், பிராசஸரைப் பாருங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வந்த பிரபலமான கோளாறின் அடையாளமே இந்தப் பொய்ப் பிழைதான். கேம் ஏறும்போது பிராசஸர் ஷேடர்களை (கார்டுக்கான சின்னப் புரோகிராம்கள்) பிரித்து விரிக்கிறது. அதில் ஒரு கணக்கு தப்பினால் புரோகிராம் குழம்பி வீடியோ மெமரி மேல் பழி போடுகிறது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் வாங்கி வாங்கி உள்ளே தேய்மானம் வந்திருக்கிறது என்று 2024-இல் இன்டெல் விளக்கம் சொன்னது. அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (பிராசஸருக்குள்ளேயே ஓடுகிற நிரல்) திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள்.

மைக்ரோகோடு பயாஸ் அப்டேட்டோடு வருகிறது. அதைப் போட்டால் இனிமேல் தேய்வது குறையும், தேய்ந்தது திரும்பாது. உங்களுடையது தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, பயாஸில் பெர்ஃபார்மன்ஸ் கோர் ரேஷியோவை இரண்டு மூன்று படி குறைத்துப் பாருங்கள். கிராஷ் நின்றால் பிராசஸர்தான், வாரண்டிக்கு அனுப்புங்கள். இன்னொரு சுலபச் சோதனை, சில ஜிபி இருக்கிற ஜிப் ஃபைலைத் திரும்பத் திரும்பப் பிரிப்பது. ஒரு தடவை சிஆர்சி பிழை (ஃபைல் சரிபார்ப்பில் வரும் பிழை), அடுத்த தடவை அதே ஃபைல் சரி என்றால் ஃபைலில் கோளாறில்லை, பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை சஸ்பென்ட் செய்யுங்கள், 48 இலக்கம் கையில் இருக்கட்டும்.

நாகர்கோவில்: ப்ளூ ஸ்க்ரீனில் கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர். கடையில், டிஸ்க்கை முழுக்கச் சோதிக்கிற சிஎச்கேடிஎஸ்கே ஆர் கமாண்ட் கொடுக்கச் சொன்னார்கள்.

கொடுக்காதீர்கள், முதலில் காப்பி! சாகப்போகிற டிஸ்க்கை மூலை மூலையாகப் படிக்க வைப்பது அதைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிற வேலை. அந்த 7ஏ பிழைக்கு அர்த்தம், டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டிய பக்கத்தை எடுக்க முடியவில்லை என்பது.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திறந்து 05, சி5, சி6, சி7 என்ற நாலு வரிகளைப் பாருங்கள். ரா வேல்யூ என்ற கடைசிப் பத்தி பதினாறடிமான எண்ணில் இருக்கும், 64 என்று தெரிந்தால் அது நூறு. ஹார்டு டிஸ்க்கில் சி5-இலோ சி6-இலோ பூஜ்யம் தவிர ஏதாவது இருந்தால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள் கெட்டது. கேபிளை மாற்றினாலும் பழைய எண் இறங்காது, மேற்கொண்டு ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

விழுப்புரம்: சார் கெர்னல் பவர் 41...

கோவை.

தஞ்சாவூர்: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போகும்போது லைட், ஃபேன் அணைவதே இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

இன்வெர்ட்டரின் பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: நார்மல், யூபிஎஸ். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். நார்மலில் மாறுகிற நேரம் சில பத்து மில்லி செகண்ட், ஃபேன் கவலைப்படாது. முழு லோடில் எஸ்எம்பிஎஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடிய நேரம் சுமார் 16 மில்லி செகண்ட்தான். தள்ளியும் சரியாகாவிட்டால் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ்.

சிவகாசி: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது. கிராஷுக்கு அதுதான் காரணமா?

கிராஷை அப்புறம் பார்க்கலாம். பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசிய விடுகிற கொஞ்ச மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் உங்கள் கை வழியாகப் போகிறது. எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் செருகியிருந்தாலும் இதேதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை உள்ளே கை வைக்காதீர்கள்.

வேலூர், மாணவர்: என் சிஸ்டம் வேலை செய்யும்போது விழுவதே இல்லை. சும்மா விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் உறைந்துபோகிறது. பழைய ரைசன் 5 1600.

லோடு அதிகமானால்தான் விழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், இது தலைகீழ் வகை. பிராசஸர் தூங்கும்போது மின்சாரத்தை மிகக் குறைவாக இழுக்கிறது. சில எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அவ்வளவு குறைவான லோடு ஒத்துக்கொள்ளாது. பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்று ஒன்று இருக்கும், அதை "டிபிகல் கரன்ட் ஐடில்" என்று மாற்றுங்கள். இந்தத் தலைமுறை ரைசனில் பெரும்பாலும் இத்துடன் தீர்ந்துவிடுகிறது.

புதுச்சேரி: கிராஷ் ஆகும்போது விண்டோஸ் சேமிக்கிற டம்ப் ஃபைலைத் திறந்தால் என்டிஓஎஸ்கெர்னல் என்று காட்டுகிறது. அப்படியென்றால் விண்டோஸ் தப்புதானே?

இல்லை. அது விண்டோஸின் நடு மையம், யார் எங்கே கெடுத்தாலும் கடைசியில் விழுகிற இடம் பெரும்பாலும் அதுதான். பல டம்ப்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மூன்றாம் தரப்பு டிரைவர் பெயர் வந்தால் அதைப் பிடியுங்கள். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தபோது எல்லாவற்றிலும் ஒரே டிரைவர், ஒரே கதை. மென்பொருள் கோளாறு அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு டம்ப்பும் ஒவ்வொரு பெயரைச் சொன்னால் ரேம்.

திருநெல்வேலி: காஸ்மிக் கதிர் பட்டு பிட் புரளும் என்று படித்தேன். ஒரே ஒரு தடவைதான் ப்ளூ ஸ்க்ரீன் வந்தது. அதுவாக இருக்குமா?

இருக்கலாம். 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்கு எண்ணிக்கையில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 4096 என்பது இரண்டின் 12-ஆம் அடுக்கு, சரியாக ஒரே ஒரு பிட். காரணம் காஸ்மிக் கதிர் என்று நிரூபிக்க முடியவில்லை, வேறு காரணமும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு ஏறக்குறைய பத்து லட்சம் பிசிக்களின் கிராஷ் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஹார்டுவேரால் ஒருமுறை கிராஷ் ஆன மெஷின் மறுபடியும் அப்படி ஆகிற வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறது என்பது அதில் முக்கியமான கண்டுபிடிப்பு. ஒரு தடவை என்றால் தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டாவது வந்தால் மெம்டெஸ்ட்.

ஓசூர்: முன்பு நீலமாக வந்தது, இப்போது கறுப்பாக வருகிறது. பிரச்சினை முற்றிவிட்டதா?

2025 நடுவில் விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் நிறத்தை மாற்றிவிட்டது. நோய் அதேதான்.

கடலூர்: என் ஆண்ட்ராய்டு போன் அடிக்கடி ஹேங் ஆகிறது...

முதல் பத்தி.

யாழ்ப்பாணம்: அண்ணை, லேப்டாப்பில் ரேம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்தது. மெம்டெஸ்ட் ஓட்டினால் எப்போதும் ஒரே முகவரிக்குப் பக்கத்தில்தான் பிழை காட்டுது. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றால் கட்டுப்படியாகாது. வேறு வழி ஏதும் இருக்கா?

இருக்கிறது. நீங்கள் சரியான இடத்தைக் கவனித்திருக்கிறீர்கள். ரேம் பழுது பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் இருக்கும், மேலே சொன்ன ஆய்விலும் அது தெரிந்தது. அந்த இடத்தைப் பயன்படுத்தாதே என்று ஓஎஸ்ஸிடம் சொல்லிவிடலாம்.

லினக்ஸ் என்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸின் கன்ஃபிகரேஷனில் பிழையை பேட்ரேம் (கெட்ட ரேம் முகவரிகளின் பட்டியல்) வடிவத்தில் காட்டச் சொல்லுங்கள். வருகிற எண்களை அப்படியே, லினக்ஸை பூட் செய்கிற க்ரப்பின் செட்டிங்கில் க்ரப் பேட்ரேம் வரியில் போட்டு, அப்டேட் க்ரப் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸிலும் பிசிடிஎடிட் கமாண்ட் மூலம் பேட்மெமரி லிஸ்ட் என்று கொடுக்க முடியும். அங்கே முழு முகவரி கொடுக்கக் கூடாது, பக்க எண்தான் (ரேமில் அந்தத் துண்டின் வரிசை எண்) வேண்டும். மெம்டெஸ்ட் காட்டுகிற பதினாறடிமான முகவரியில் கடைசி மூன்று இலக்கத்தை வெட்டினால் கிடைப்பது அந்த எண். முன்னும் பின்னும் சில பக்கங்களைச் சேர்த்தே ஒதுக்குங்கள், போவது சில கிலோபைட்தான்.

ஒதுக்கிய பிறகு மெம்டெஸ்ட் ஓட்டினால் அதே பிழை காட்டத்தான் செய்யும், பயப்பட வேண்டாம், அது ஓஎஸ்ஸின் பட்டியலைப் பார்க்காது. நீங்கள் பார்க்க வேண்டியது புது முகவரிகளில் பிழை சேருகிறதா என்று. மாதம் ஒரு தடவை இரவில் ஓட விட்டு, முகவரிகளைப் போன தடவையோடு ஒப்பிடுங்கள். பரவ ஆரம்பித்தால் இந்த வழி உதவாது, போர்டுதான் மாற்ற வேண்டும். அதுவரை அந்த லேப்டாப்பில் கல்லூரி வேலை செய்யலாம், கணக்கு வழக்கு மட்டும் வைக்காதீர்கள்.